கரடியும் பின்கதவும்

கேள்வி: நான் அறை முன்பதிவு செய்த இணையதளத்திலிருந்து என் போன் எண், பாஸ்வேர்டு எல்லாம் திருடு போய்விட்டன. 'பழி ஹேக்கர் மேல்தான்' என்கிறார்கள். சரியா?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: எங்கள் கோத்தகிரி வீட்டில் கரடி புகுந்து எண்ணெய் டின்னைக் கவிழ்த்தபோது, கரடியைத் திட்டிய கையோடு, பின்கதவைத் தாழிடாத என்னையும் வீட்டுக்காரி விடவில்லை! ஹேக்கர் திருடன்தான். ஆனால் 2009-இல் ராக்யூ என்ற அமெரிக்க இணைய நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் போனபோது, அவற்றை மறைக்காமல் வெறும் எழுத்தாகவே வைத்திருந்தார்களே, அது யார் தப்பு? நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தகுந்த காவல் வைக்காத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அப்புறம், மின்னஞ்சலுக்கும் அதே பாஸ்வேர்டுதானா? முதலில் அதை மாற்றுங்கள் அம்மா.