கேஸ் கசியும்போது மின்விசிறியைப் போடக் கூடாது என்பது ஏன்?

கேஸ் கசிவு என்பது, ரெகுலேட்டர், ரப்பர் குழாய், அடுப்புக் குமிழ் ஆகியவற்றில் ஏதோ ஓரிடத்தின் வழியே எரிவாயு எரியாமலேயே வீட்டுக்குள் பரவுவதாகும். அந்த வாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிவை நம் மூக்கு உணர வேண்டும் என்பதற்காகவே கடும் நாற்றமுள்ள பொருள் ஒன்றை அதில் கலக்கிறார்கள்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், வேலூர்க் கோட்டையின் அகழியில் மழைநீர் தேங்குவதைப் போல அது தரையோடு படிந்து தேங்குகிறது. காற்றில் ஏறத்தாழ 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றக்கூடிய அந்தக் கலவைக்கு, சுவிட்சுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் எழும் சிறு பொறியே போதும். அக்கினி நட்சத்திர நாட்களில், அனல்காற்றுக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துவிட்டுச் சமைக்கும் நம் ஊர் வீடுகளை நினைத்தால்தான் எனக்கு மிகுந்த கவலையாக இருக்கிறது.

நாற்றம் வந்தவுடன் பூஜை விளக்கு உட்பட எல்லாத் தீயையும் அணைத்து, அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளோடும் முதியவர்களோடும் வெளியேறுங்கள். கைப்பேசியையும் வெளியே வந்த பிறகே எடுத்து, 1906 என்ற எண்ணை அழையுங்கள், தீப்பற்றிவிட்டால் 101.

புகைபோக்கி விசிறியைப் போட்டால் வாயு விரைவில் வெளியேறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அந்தச் சுவிட்சைப் போடுவதும், ஏற்கெனவே ஓடும் விசிறியை நிறுத்துவதும் ஒரே அளவு ஆபத்தானவை.