மரப்பட்டிக் குட்டிக்குப் பசும்பால் வேண்டாம்

மார்த்தாண்டத்தில் ஓடு மாற்றும்போது கண் திறக்காத மரப்பட்டி (மரநாய்) குட்டி கிடைத்தது, இங்க் பில்லரில் பசும்பால் கொடுக்கிறோம், வயிற்றால் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாலை உடனே நிறுத்துங்கள் அண்ணே. அதன் குடலுக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது. மல்லாக்கப் போட்டுப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

முதலில் சூடுதான் முக்கியம். உடம்பு குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். கையுறை போடாமல் தொடாதீர்கள்.

இன்றைக்கே குலசேகரம் வனச்சரகத்துக்கோ நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்துக்கோ சொல்லிவிடுங்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி நாமே வளர்க்கக் கூடாது. குட்டி கொஞ்சம் தெளிந்தால், அவர்களிடம் கேட்டுக்கொண்டு, அந்தியில் பெட்டியைக் கிடைத்த இடத்தருகே உயரமாக வைத்துப் பார்க்கலாம். தாய் இரவில்தான் நடமாடும். மனித வாடை பட்டால் ஒதுக்கிவிடும் என்பதெல்லாம் சும்மா. நாயைக் கட்டிப்போடுங்கள், விளக்கை அணையுங்கள்.

அப்புறம், பிள்ளைகள் பெயர் வைத்துக் கொஞ்சத் தொடங்கினால் கஷ்டம். மனிதரிடம் பழகியது பிறகு அக்கானி (பதநீர்) கலயத்தைத் தேடிப் பனையேறாது, உங்கள் அடுக்களைக்குத்தான் வரும்.