நாப்பதுக்கு மேல தொப்ப, முட்டி, மூச்சு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம்பா. ராயபுரம் பக்கம் ஒரு சின்ன ஜிம்முல மாஸ்டரா இருக்கேன், காலைல வர்ற பேட்ச்ல பாதிக்கு மேல 40 தாண்டுனவங்கதான், ஹார்பர்ல வேல செய்யறவங்க, ஆட்டோ ஓட்டுறவங்க, வீட்ல இருக்கற அக்காங்கன்னு எல்லாரும் கலந்து வருவாங்க. நான் டாக்டர் கெடையாது, மாத்திரை மருந்து பத்தி கேட்டா டாக்டர்கிட்டதான் அனுப்புவேன். மத்தது எதுவா இருந்தாலும் கேளுங்க.

கேள்வி (மணலி, கம்பெனி வேல, வயசு 46): மாஸ்டர், டெய்லி ஒரு மணி நேரம் வாக்கிங் போறேன், மூணு மாசமாச்சு, வெயிட்டு 82லயே குந்தினு கீது. 40 ஆனாலே உடம்பு எரிக்கற சக்தி போயிடும்னு சொல்றாங்களே, அதானா?

பதில்: வாக்கிங் முடிச்சிட்டு நேரா எங்க போறீங்க தலைவரே? நாஷ்டா கடைக்குதான? உங்க வெயிட்டுக்கு ஒரு மணி நேரம் சுமாரான வேகத்துல நடந்தா 250 கலோரி கிட்ட செலவாகும், அப்பால செட்டோட குந்தி ரெண்டு பூரி, கெழங்கு, ஒரு வடன்னு உள்ள தள்ளுனா 300ஐ தாண்டிடும், கணக்கு அங்கயே முடிஞ்சிடுச்சு. வாக்கிங் நல்லதுதான், பிபிக்கு நல்லது, சுகருக்கு நல்லது, தூக்கம் வரும், ஆனா வாக்கிங்க மட்டும் வெச்சினு எடைய எறக்கறது ரொம்ப கஷ்டம், எடை வாய்லதான் எறங்கும்.

வயசு ஆனதும் எரிக்கறது போயிடும்ன்றது பாதி கதைதான். 2021ல சயின்ஸ் பத்திரிகைல ஒரு பெரிய ஆராய்ச்சி வந்துச்சு, 29 நாட்டுல 6,400 பேருக்கு மேல பாத்தாங்க, உடம்பு அளவுக்கு தக்கன கணக்கு போட்டா 20ல இருந்து 60 வயசு வரைக்கும் எரியறது பெருசா மாறவே இல்ல. அப்போ மாறுனது இன்னா? சதை. 30க்கு மேல பத்து வருஷத்துக்கு 3ல இருந்து 8 பர்சன்ட் வரைக்கும் சதை கரையும், நம்ம வேலை செஞ்சி அத காப்பாத்தலன்னா அந்த எடத்துல கொழுப்பு வந்து குந்தும். மிஷின்ல அதே 82 காட்டும், உள்ள சரக்கு மாறி இருக்கும். அதனாலதான் நான் எல்லார்கிட்டயும் மொதல்ல கேக்கறது வெயிட்டு எவ்ளோன்னு இல்ல, சேர்ல இருந்து கைய ஊனாம எத்தன தபா எந்திரிப்பன்னுதான். கைய மார்ல குறுக்க கட்டிக்கினு, 30 செகண்டு, முழுசா எந்திரிச்சி முழுசா குந்தணும். இது வயசானவங்களுக்குன்னு வெச்ச டெஸ்ட், 60ல இருந்து 64 வயசு ஆம்பளைக்கு 14க்கு கொறஞ்சாலும் பொம்பளைக்கு 12க்கு கொறஞ்சாலும் வீக்குன்னு கணக்கு. உங்களுக்கு 46, செஞ்சி பாருங்க, 14ல மூச்சு வாங்குனா வாக்கிங்ல ரெண்டு நாள கொறச்சிட்டு அந்த நேரத்துல தொட, முதுகு, தோளுக்கு வேலை குடுங்க. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமான நடை, அதோட ரெண்டு நாள் தசைக்கு வேலைன்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, நம்ம ஆளுங்க மொத பாதிய மட்டும் புடிச்சினு ரெண்டாவது பாதிய உட்டுட்டாங்க.

கேள்வி (கொளத்தூர், 43): சார், ஹைட்டு 165, வெயிட்டு 70. பாக்கறதுக்கு ஒல்லியாதான் இருக்கேன், தொப்ப மட்டும்தான். நான் குண்டுல சேர்த்தியா?

பதில்: சேர்த்திதான். உங்க பிஎம்ஐ 25.7 வருது, வெள்ளக்காரன் கணக்குல லேசா ஓவர், நம்ம நாட்டு டாக்டருங்க கணக்குல 23 தாண்டுனா ஓவர்வெயிட்டு, 25 தாண்டுனா குண்டு. ஏன்னா நம்ம உடம்பு வாகு அப்படி, கை கால் குச்சி மாதிரி இருக்கும், கொழுப்பு மொத்தமும் வயித்துக்குள்ள போய் ஈரல சுத்தி சேரும், சுகர் சீக்கிரம் வர்றதுக்கு அதுதான் வழி. டேப் எடுத்து கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல, மூச்ச விட்டுட்டு அளந்து பாருங்க, ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அதுக்குள்ள இருக்கணும். பேண்ட் சைஸ வெச்சி சொல்லாதீங்க, பத்து வருஷமா 34தான் மாஸ்டர்னு ஒருத்தர் வந்து பெருமையா நிப்பாரு, பாத்தா பேண்ட்டு தொப்பைக்கு கீழ எறங்கி இருக்கும்.

கேள்வி (தண்டையார்பேட்டை, 49): அண்ணே, பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் ஆச்சு. சாப்பாடு அதேதான், ஆனா வயிறு மட்டும் ஏறிக்கினே போகுது. நைட்டு சோறு கூட விட்டுட்டேன். தைராய்டா இருக்குமா?

பதில்: இருக்கலாம்மா, டிஎஸ்ஹெச்னு ஒரு ரத்த டெஸ்ட்டு, எடுத்து பாத்துடுங்க, சந்தேகத்தோட சுத்தாதீங்க. ஆனா தைராய்டு நார்மல்னு வந்தாலும் நீங்க சொல்றது நெஜந்தான். பீரியட்ஸ் நிக்கறப்ப ஈஸ்ட்ரோஜன் எறங்கிடும், அது வரைக்கும் தொடைலயும் இடுப்புலயும் சேந்த கொழுப்பு வயித்து பக்கம் வந்துடும், எலும்பும் வேகமா தேய ஆரம்பிக்கும். இப்ப போய் சோத்த விட்டு பட்டினி கெடந்தா கொழுப்போட சதையும் சேந்து போகும், அப்புறம் பழையபடி சாப்டதும் பெரும்பாலும் கொழுப்பாதான் திரும்பி வரும், அதனாலதான் ஒவ்வொரு டயட்டுக்கு அப்புறமும் முன்னவிட மோசமா ஆகுது.

நைட்டு ஒரு கரண்டி சோறு சாப்டுங்கம்மா, ஆனா தட்டுல மொதல்ல காயும் மீனும் வரட்டும். ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம்னு நம்ம நாட்டு கணக்கு, 65 கிலோன்னா 54 கிராம். ஒரு முட்டைல 6 கிராம்தான் இருக்கு. நம்ம வீட்டு பொம்பளைங்க இன்னா பண்றீங்க, மீன் துண்ட எல்லாருக்கும் வெச்சிட்டு கடைசில கொழம்ப மட்டும் ஊத்திக்கினு சாப்டுறீங்க, அதுல எங்கருந்து புரதம் வரும்? காசிமேடு பக்கத்துலயே இருக்கு, வஞ்சரம்தான் வேணும்னு இல்ல, கவலயும் காணாங்கத்தயும் வெலையும் கம்மி நல்ல கொழுப்பும் ஜாஸ்தி, 100 கிராம் மீன்ல 20 கிராம் கிட்ட புரதம் கெடைக்கும். வறுக்காதீங்க, கொழம்பா வைங்க. மீன் சாப்டாதவங்க சுண்டல், பயறு, தயிர். கிட்னி பிரச்சன இருக்கறவங்க மட்டும் டாக்டர கேக்காம புரதத்த ஏத்தாதீங்க.

கேள்வி (வியாசர்பாடி, ஆட்டோ, 52): இன்னா மாஸ்டர், சுகர் இருக்கு, மாத்திரை போடறேன், டாக்டர் நடன்றாரு, முட்டி நடக்காதன்னுது. நான் யார் பேச்ச கேக்கறது?

பதில்: ரெண்டு பேர் பேச்சையும் கேளு நைனா. மொதல்ல ஒண்ணு சொல்லு, ஸ்டாண்டுல ஒரு நாளைக்கு எத்தன டீ? ஆறுன்னு வெச்சிக்கலாம், ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சக்கர, மொத்தம் 12 ஸ்பூன், 60 கிராம். உடம்பு நல்லா இருக்கறவனுக்கே 50 கிராமுக்குள்ள, முடிஞ்சா 25னு சொல்றாங்க, உனக்கு சுகர் வேற. சக்கர இல்லாத டீ ரெண்டு வாரம் கசக்கும், அப்புறம் சக்கர போட்ட டீய குடிச்சா பாயாசம் மாதிரி இருக்குன்னு நீயே சொல்லுவ.

முட்டிக்கு வருவோம். ஒரு கிலோ எடை எறங்குனா ஒவ்வொரு அடிக்கும் முட்டில எறங்கற பாரம் நாலு கிலோ கொறையும், அதனால அஞ்சு கிலோ எறக்குனாலே முட்டிக்கு தெரியும். அது வரைக்கும் ஒரு மணி நேரம் ஒரே மூச்சா நடக்கணும்னு இல்ல, சாப்ட்டு முடிச்சதும் பத்து பதினஞ்சு நிமிஷம் நட, மூணு வேளையும், சுகருக்கு அது ரொம்ப நல்லா வேல செய்யும், முட்டியும் தாங்கும். சவாரி இல்லாத நேரத்துல பின்னாடி சீட்டுல குந்திக்கினு ஒரு கால நேரா நீட்டி, தொடய இறுக்கி, அஞ்சு எண்ற வரைக்கும் புடிச்சி எறக்கு, காலுக்கு பத்து. தொட பலமானா முட்டி மேல பாரம் கொறையும். முட்டி வீங்கி சூடா இருந்தா இதெல்லாம் வேணாம், டாக்டர்கிட்ட காட்டு.

இன்னொண்ணு, சில சுகர் மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் வெறும் வயித்துல வேகமா நடந்தா சுகர் படார்னு எறங்கும், வேர்த்து ஊத்தும், கை நடுங்கும், கண்ணு இருட்டும். பாக்கெட்ல குளுக்கோஸோ சக்கரையோ வெச்சிக்க, அந்த நேரத்துல மட்டும் சக்கர தப்பில்ல. உன் மாத்திரை அந்த டைப்பான்னு டாக்டர கேளு. செருப்பு இல்லாம நடக்காத, தெனம் நைட்டு உள்ளங்கால பாரு.

கேள்வி (பெரம்பூர்): நைட்டு சப்பாத்தி சாப்டா எடை கொறையுமா?

பதில்: நாலு சப்பாத்திக்கு எண்ண தடவி குருமாவோட சாப்டா சோறே தேவலாம்.

கேள்வி (பெரம்பூர், அதே ஆள்): வேர்க்க வெக்கிற பெல்ட்டு கட்டுனா?

பதில்: வேர்வை போகும். தண்ணி குடிச்சதும் திரும்ப வந்துடும்.

கேள்வி (வண்ணாரப்பேட்ட, 45): சனிக்கெழம மட்டும் ஃப்ரெண்ட்ஸோட ஒரு குவார்ட்டர். வாரம் ஃபுல்லா டயட்டு கரெக்டா இருக்கேன். இதுல இன்னா ஆயிடப் போவுது?

பதில்: 180 மில்லி சரக்குல மட்டும் 400 கலோரிக்கு மேல இருக்கு, சரி, அது ஒரு பக்கம். கூட வர்ற சில்லி சிக்கன், வறுத்த நெத்திலி, 11 மணிக்கு மேல ஒரு பிரியாணி, மறுநாள் காலைல எந்திரிக்க முடியாம வாக்கிங் கட்டு, தல வலிக்குதுன்னு மத்தியானம் பரோட்டா, இத்தன சேத்து பாருங்க தம்பி. சரக்கு உள்ள இருக்கற வரைக்கும் உடம்பு அத எரிக்கறதுலதான் குறியா இருக்கும், கொழுப்பு அப்படியே நிக்கும். விட்டுடுங்கன்னு சொன்னா விடவா போறீங்க, ஆனா உங்க டயட்டு வாரம் ஃபுல்லா இல்ல, அஞ்சு நாள்தான்.

கேள்வி (வியாசர்பாடி, 44): அண்ணா, சின்ன வயசுல கிரவுண்டே கதின்னு கெடந்தவன், லெஃப்ட் விங்கு. இப்ப பசங்களோட ஞாயித்துக்கெழம மறுபடியும் ஃபுட்பால் ஆடலாம்னு ஆச.

பதில்: ஆடுப்பா, ஆனா இந்த ஞாயித்துக்கெழம எறங்காத. மனசுக்கு இன்னும் 22தான், பந்து வந்ததும் பழைய மாதிரி ஓடும், ஆனா கெண்டக்கால் நரம்புக்கு 44. பத்து வருஷம் சும்மா இருந்துட்டு ஒரே நாள்ல ஸ்பிரிண்ட் அடிச்சாதான் பின்னங்கால் நரம்பு பட்டுன்னு அறுந்து போறது, இந்த வயசு ஆம்பளைங்களுக்கு அது சகஜம். ஒரு ஒன்றரை மாசம் ஒத்தக்கால்ல குதிகால தூக்கி எறக்கறது, ஸ்குவாட், அப்புறம் மெதுவா ஓட்டம், அப்புறம் சின்ன சின்ன வேக ஓட்டம், அப்படி ஏத்திட்டு எறங்கு. அதுக்கு முன்னாடி பிபி, சுகர் பாத்துடு, மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்துல காசே இல்லாம பாப்பாங்க. சிகரெட்டு இருந்தாலோ அப்பாவுக்கு சின்ன வயசுலயே ஹார்ட் பிரச்சன வந்திருந்தாலோ டாக்டர பாத்துட்டுதான் கிரவுண்டு. ஆடும்போது நெஞ்ச அமுக்கற மாதிரி, தாடைக்கோ இடது கைக்கோ வலி ஏறுற மாதிரி இருந்தா கேஸ்னு சோடா குடிச்சினு குந்தாத, ஒடனே 108, இல்ல ஸ்டான்லி ஆஸ்பத்திரி.

கேள்வி (எம்கேபி நகர், 48): மவுஞ்சாரோ ஊசி போட்டா மாசத்துக்கு அஞ்சு கிலோ எறங்குதாமே?

பதில்: 2025 மார்ச்ல இங்க விக்க ஆரம்பிச்ச ஊசி, பசிய அடக்கும், எடை நெஜமாவே எறங்கும், ஏமாத்து வேல இல்ல. ஆனா டாக்டர் எழுதி குடுத்து, அவரு கண்காணிச்சு போடற மருந்து, தெரிஞ்சவன் கைல வாங்கி போடறது கெடையாது. எறங்கற எடைல சதையும் போகும், நிறுத்துனா பெரும்பாலானவங்களுக்கு எடை திரும்ப ஏறும். அதனால ஊசி போட்டாலும் ஸ்குவாட்ல இருந்து தப்பிக்க முடியாது.

கேள்வி (புளியந்தோப்பு): அத்தோ சாப்டலாமா மாஸ்டர்? அது மட்டும் விட முடியல.

பதில்: பர்மால இருந்து வந்தவங்க நம்ம ஊருக்கு குடுத்தத எப்படி வேணாம்னு சொல்றது. வாழத்தண்டு சூப்ப மொதல்ல ரெண்டு கிண்ணம் வாங்கி குடி, முட்டை சேத்துக்க, நூடுல்ஸ பாதி போட சொல்லு, மேல தூவற மொறுமொறு பேஜோவையும் பூண்டு எண்ணையையும் கொறைக்க சொல்லு. கடக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பரவால்ல. வாரத்துக்கு ஒரு தபா.

கேள்வி (கொருக்குப்பேட்ட, ஹவுசிங் போர்டு மூணாவது மாடி, 50): அண்ணே, மாமியார் படுத்த படுக்க, வெளிய போக முடியாது. ரோட்டுல எறங்குனா கண்டெய்னர் லாரி, தூசு. ஜிம்முக்கு காசும் இல்ல. வீட்டுக்குள்ளயே எதாவது உண்டா?

பதில்: அக்கா, அந்த லாரி ரோட்டுல நடக்கறதுக்கு நடக்காமலே இருக்கலாம். என்னிக்காவது யாராவது வீட்ல இருந்தாங்கன்னா ராபின்சன் பார்க்கு வரைக்கும் போயிட்டு வாங்க, திமுகவ அறிஞர் அண்ணா ஆரம்பிச்ச எடம்னு எல்லாருக்கும் தெரியும், நடக்கறதுக்கும் நல்லா இருக்கும். மத்த நாளைக்கு வீடே போதும். சேர செவுத்தோட ஒட்டி போட்டு பத்து தபா எந்திரிச்சி குந்துங்க, செவுத்துல கைய வெச்சி பத்து தபா தள்ளுங்க, சமையல் மேடைய புடிச்சிக்கினு குதிகால பதினஞ்சு தபா தூக்குங்க, இத மூணு சுத்து. குக்கர் விசில் வர்றதுக்குள்ள ஒரு சுத்து முடிஞ்சிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா எண்ணிக்கைய ஏத்துங்க, ஈஸியா இருந்தா மடில அஞ்சு கிலோ அரிசி பைய கட்டி புடிச்சிக்கினு எந்திரிங்க. மாடிப்படி இருக்கே, கடைக்கு எறங்கறப்ப ஒரு தபா எக்ஸ்ட்ராவா ஏறி எறங்குங்க.

தண்ணி தூக்கறப்ப ஒரே இடுப்புல கொடத்த வெக்காதீங்க, ரெண்டு கைலயும் அர பக்கெட்டு. மாமியார பொரட்டி போடறப்ப முதுக வளைக்காம முட்டிய மடிச்சி, கட்டிலுக்கு ஒட்டி நின்னு செய்ங்க, இல்லன்னா உங்க முதுகு போயிடும். மக்களைத் தேடி மருத்துவம் அக்காங்க உங்க ஏரியாவுக்கு வர்றாங்கன்னா மாமியாருக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும் பிபி, சுகர் பாக்க சொல்லுங்க.