முக எரிச்சலை விடுங்கள், அந்த மாலையைச் சொல்லுங்கள்

கேள்வி: வயது 42. மாதம் இரண்டு முறை தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கிறேன். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து அடிக்கும் நாட்களில் முகம் எரியும், உதடு மரத்துப்போகும். அடிக்கும் முன் செட்ரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை, முடித்ததும் ஒரு டம்ளர் பால் என்பது வழக்கம். சென்ற மாதம் குளோர்பைரிபாஸ் அடித்தபோது டேங்க் ஒழுகி முதுகெல்லாம் நனைந்தது. அன்று மாலை கண் மங்கி, வியர்த்துக் கொட்டி, வயிற்றைப் புரட்டியது. தூங்கி எழுந்ததும் சரியாகிவிட்டது. இணையத்தில் படித்ததிலிருந்து புற்றுநோய் பயம் வாட்டுகிறது.

பதில்: தூங்கி எழுந்தது உங்கள் அதிர்ஷ்டம். அன்று வந்தது பெரும்பாலும் ஆர்கனோபாஸ்பேட் (குளோர்பைரிபாஸ் சேர்ந்த பூச்சிமருந்து வகை) நஞ்சின் தொடக்கம்தான்.

நரம்பு, சுரப்பிக்கும் தசைக்கும் அனுப்பும் தூது அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் அதை உடைத்துப்போடும் நொதி கோலினெஸ்டரேஸ். குளோர்பைரிபாஸ் அந்த நொதியைச் செயலிழக்க வைக்கிறது. சுரப்பிகள் நிற்காமல் சுரக்கின்றன. வியர்வையும் எச்சிலும் பேதியும் அதனால்தான். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்குவதால் பார்வை மங்குகிறது. இதே நீர் மூச்சுக்குழாய்க்குள் ஊறினால் மூச்சடைக்கும். உயிர் போவது பெரும்பாலும் அப்படித்தான்.

ஆகவே மருந்து அடித்த 24 மணி நேரத்துக்குள் பார்வை மங்கினாலோ, வாயில் நீர் ஊறினாலோ, நெஞ்சில் இரைப்பு வந்தாலோ, தசை தானாகத் துடித்தாலோ படுக்கக் கூடாது. துணியைக் கழற்றி, தலைமுடி, நகக்கண், தொடையிடுக்கு உட்பட சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மூச்சு திணறினால் கழுவுவதற்காகக் கூடத் தாமதிக்க வேண்டாம். வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். மருந்துப் புட்டியின் லேபிளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அட்ரோபின் என்ற முறிவு மருந்து போட்டுத் தெளிந்த பிறகும் சிலருக்கு 1 முதல் 4 நாளில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் கழுத்துத் தளரும், மூச்சுத் தசையும் சோரும். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று சண்டை போட்டு வீட்டுக்கு ஓடிவராதீர்கள்.

செட்ரிசின் இந்த நஞ்சைத் தடுக்காது. தூக்கம் வரவழைத்து அறிகுறியை மறைக்கும். பால் முறிவு மருந்து அல்ல. தோல் வழியே இரத்தத்தில் கலந்ததை வயிற்றில் ஊற்றிய பால் என்ன செய்யும்? நினைவு தடுமாறும் நேரத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. "முன்னெச்சரிக்கையாக" அட்ரோபின் மாத்திரை போடும் யோசனையை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

பைரித்ராய்டு எரிச்சல் தோலின் நரம்பு நுனிகளில் மட்டும் நடப்பது. பெரும்பாலும் 24 மணி நேரத்தில் போய்விடும். வெந்நீர் கூடாது, சோப்பும் குளிர்ந்த நீரும் போதும், வைட்டமின் ஈ எண்ணெயும் உதவும். கையுறையோடு முகத்தைத் துடைப்பதை நிறுத்தினாலே பாதி குறையும். புற்றுநோய்க் கேள்வி ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப உடலில் ஏறுவதைப் பற்றியது. அதற்கும் வழி ஒன்றே: மேலே படாமல் அடிப்பது.

அது உங்கள் டேங்கில் தொடங்குகிறது. முதுகில் ஒழுகும் மருந்து இடுப்புக்குக் கீழே இறங்குகிறது. விதைப்பைத் தோல் முன்கையைவிடப் பத்து மடங்குக்கு மேல் உறிஞ்சும். முதலில் வெறும் தண்ணீர் நிரப்பி, முதுகில் மாட்டிக் குனிந்து பாருங்கள். சொட்டினால் மூடி வாஷரை மாற்றாமல் மருந்து ஊற்றாதீர்கள். நைட்ரைல் கையுறை போடுங்கள், துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு வைத்திருக்கும். கலக்காத மருந்தை அளக்கும் நேரம்தான் மிக மோசம். அப்போது கண்ணாடியும் கட்டாயம். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள்.

ஒருமுறை குறைந்த நொதி மெதுவாகத்தான் ஏறும். அதற்குள் இன்னொரு முறை பட்டால் குறைந்த அளவே போதும் ஆளைச் சாய்க்க. எனவே ஆர்கனோபாஸ்பேட்டோ, இதே நொதியைத் தாக்கும் இன்னொரு வகையான கார்பமேட்டோ இப்போதைக்குத் தொட வேண்டாம். இந்த வாரமே இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் பார்த்துவிடுங்கள். ஆய்வகத்தில் "சிவப்பணு கோலினெஸ்டரேஸ்" என்று கேளுங்கள். பிளாஸ்மாவில் (இரத்தத்தின் திரவப் பகுதி) உள்ள அளவு சில வாரங்களிலேயே சீராகி, சென்ற மாதம் ஒன்றுமே நடக்காதது போலக் காட்டிவிடும்.