விமானத்தில் பயணிகளை ஏன் குழு குழுவாக ஏற்றுகிறார்கள்?

வாயிலில் காத்திருக்கும் பயணிகளை விமானத்துக்குள் ஏற்றி உட்காரவைப்பதுதான் போர்டிங். விமானம் பறந்தால்தான் காசு. தரையில் நிற்கும் நேரமெல்லாம் செலவு. ஒவ்வொரு முறையும் சில நிமிடம் மிச்சமானால், அதே விமானத்தை நாளுக்கு இன்னொரு நடைகூட விடலாம்.

தாமதம் கதவில் இல்லை, உள்ளே நடைபாதையில்தான். குறுகிய தெருவில் லோடு ஆட்டோ ஒன்று நின்று மூட்டை இறக்கினால் பின்னால் வரும் அத்தனை வண்டியும் நிற்கும் அல்லவா? ஒருவர் பெட்டியை மேலே தூக்கி வைக்கும்போதும் அப்படித்தான். ஜன்னலோரத்துக்காரர் கடைசியில் வந்தாலோ, உட்கார்ந்திருக்கும் இருவர் எழுந்து வழிவிட வேண்டும். அதனால்தான் அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் 2023 அக்டோபரில் எகானமி வகுப்பில் ஜன்னலோரம், நடு இருக்கை, நடைபாதையோரம் என்ற முறைக்குத் திரும்பியது.

ஜேசன் ஸ்டெஃபன் என்ற வானியற்பியலாளர் 2008இல் இதைக் கணினியில் ஆராய்ந்தார். ஜன்னலோரத்தாரை ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக முதலில் ஏற்றினால், பலர் ஒரே நேரத்தில் பெட்டி வைக்கலாம். மிக அழகான தீர்வு. ஆனால் சேர்ந்து வரும் குடும்பத்தைப் பிரித்துவிடும்.

பின்வரிசைகளை முதலில் ஏற்றினால் சீக்கிரம் முடியும் என்று பலர் நம்புகிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தில் நெருக்குவதால், வரிசையே பார்க்காமல் ஏற்றுவதைவிட அது மெதுவானது.