இரண்டு நாள் வகுப்பில் பயம் போகுமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நானும் என் கணவரும் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். எஸ்.பி.எம். எனும் பள்ளி இறுதித் தேர்வை முடித்த எங்கள் மகன் நேர்முகத் தேர்வு என்றாலே வாயடைத்துப் போகிறான். அதனால் இரண்டு வேலைகள் கை நழுவிவிட்டன. சென்ற மாதம் கோயில் மண்டபத்தில் பேசிய ஒரு பயிற்சியாளர், என்.எல்.பி. என்னும் முறையால் எந்தப் பயத்தையும் இரண்டே நாளில் போக்கிவிடலாம் என்றார். அங்கேயே சிலர் எழுந்து நின்று, தங்கள் பயம் போய்விட்டது என்றார்கள். கட்டணம் 1,500 வெள்ளி. சேமிப்பை எடுத்துக் கட்டலாமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 வெள்ளியாக இருக்கும்போது, ஏறக்குறைய ஒரு மாத உழைப்பைக் கேட்கும் ஒருவர் அதற்கு ஈடான ஆதாரத்தைக் காட்டக் கடமைப்பட்டவர். என்.எல்.பி.க்கு அத்தகைய ஆதாரம் இல்லை.

நரம்பியல் மொழி நிரலாக்கம் எனப்படும் இம்முறை, 1970களில் அமெரிக்காவின் சாந்தா குரூஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவானது. அங்கு மாணவராக இருந்த ரிச்சர்ட் பேண்ட்லரும் மொழியியல் ஆசிரியராக இருந்த ஜான் கிரைண்டரும், அக்காலத்தில் பெயர்பெற்ற உளச் சிகிச்சையாளர்களான பிரிட்ஸ் பெர்ல்ஸ், வர்ஜினியா சதிர், மில்டன் எரிக்சன் ஆகியோர் தம்மை நாடி வந்தவர்களிடம் எப்படிப் பேசினார்கள் என்பதைக் கூர்ந்து கவனித்து, அந்தத் திறமையை யாரும் கற்கக்கூடிய உத்திகளாகப் பிரித்தெடுக்க முயன்றார்கள். அந்த நோக்கத்தில் நான் குறை காணவில்லை. ஆனால், அந்த உத்திகள் பலன் தருகின்றனவா என்பதை, பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்படிச் சோதித்தவர்களுக்குக் கிடைத்தது ஏமாற்றமே. அமெரிக்க இராணுவத்தின் வேண்டுகோளின்பேரில் மனிதத் திறனை வளர்க்கும் முறைகளை ஆராய்ந்த தேசிய ஆராய்ச்சி மன்றக் குழு, 1988இல் வெளியிட்ட அறிக்கையில் என்.எல்.பி.யின் கோட்பாடுகளுக்கு ஆதாரம் காணவில்லை. உடல்நலம் தொடர்பான பலன்களைப் பற்றி 2012இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வுத் தொகுப்பில், தரநிலைக்கு உட்பட்டுச் சேர்க்க முடிந்தவை 10 ஆய்வுகள் மட்டுமே; அவற்றிலிருந்தும் உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. இது பயனற்றது என்று நிரூபணமாகிவிட்டது என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை. ஆனாலும், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஆதாரம் திரளாத ஒரு முறையை நம்பி ஒரு குடும்பம் தன் சேமிப்பைக் கரைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மண்டபத்தில் எழுந்து நின்று “என் பயம் போய்விட்டது” என்று சொன்னவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கூட்டத்தின் உற்சாகமும், ஒருவர் நம்மை அக்கறையோடு கேட்கிறார் என்ற நிறைவும் மனத்தை உண்மையாகவே இலேசாக்கும். அவர்கள் மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்பதே நாம் கேட்க வேண்டியது. அதை எந்த மேடையிலும் யாரும் கேட்பதில்லை. பயிற்சியாளரின் சான்றிதழைக் கண்டும் மயங்காதீர்கள். நம் நாட்டில் 1998ஆம் ஆண்டின் கவுன்சலர் சட்டப்படி, கவுன்சலராக, அதாவது மன ஆலோசகராகத் தொழில் செய்பவர் கவுன்சலர் வாரியத்தில் பதிவு செய்து, தொழில் நடத்துவதற்கான சான்றிதழையும் பெற்றிருக்க வேண்டும். என்.எல்.பி. சான்றிதழ் அந்தப் பதிவுக்கு ஈடாகாது. அதைத் தனியார் பயிற்சி நிறுவனங்கள் தத்தம் அளவுகோலின்படி வழங்குகின்றன.

இனி உங்கள் மகனைப் பற்றிப் பேசுவோம்; எனக்கு அதுவே முக்கியம். பயத்தைத் தணிக்க நன்கு சோதிக்கப்பட்ட வழி ஒன்று உண்டு. பயப்படும் சூழலைச் சிறிது சிறிதாக, மீண்டும் மீண்டும் சந்திக்கப் பழக்குவது அது. தளர்வுப் பயிற்சியோடு இணைந்த அதன் ஒரு வடிவத்தை ஜோசப் வோல்ப் என்ற மருத்துவர் 1958இலேயே விரிவாக எழுதினார். பின்வாங்கும்போதெல்லாம் பயம் வலுக்கிறது. அதே இடத்தில் நின்று, எதிர்பார்த்த அவமானம் நேரவில்லை என்று நேரில் காணும்போது அது தளர்கிறது. ஆகவே முதல் வாரம் அவர் உங்கள் இருவர் முன்னிலையில் தம்மை அறிமுகப்படுத்திப் பேசட்டும். அடுத்து ஒரு மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ மேலாளரைப் போல அமர்ந்து கேள்வி கேட்கட்டும். பிறகு முன்பின் தெரியாத கடைக்காரரிடமும் அலுவலகத்திலும் தாமே பேசி ஒரு காரியத்தை முடித்து வரட்டும்.

இதில் இன்னொன்றையும் நீங்கள் கவனிக்க வேண்டும். வீட்டிலும் தமிழ்ப்பள்ளியிலும் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளை, நேர்முகத் தேர்வில் மலாயிலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் வாயடைத்துப் போவதில் பாதி, சொல் கிடைக்காத தவிப்பாக இருக்கலாம். அப்படியானால் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு அந்த மொழிகளில் பதில் எழுதி, உரக்கச் சொல்லிப் பழகுவதே சரியான மருந்து. தூக்கம் கெடுவது, ஆட்களையே தவிர்ப்பது போன்றவை இருந்தால் தாமதிக்காமல் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற உதவி எண்ணிலும் பேசலாம்.

கேள்வி: அதே கூட்டத்திற்கு நானும் போயிருந்தேன். கண் போகும் திசையை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்றும், மாணவர்களைப் பார்வை வகை, செவி வகை, தொடுவகை எனப் பிரித்துக் கற்பிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். வகுப்பில் பின்பற்றலாமா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: இரண்டும் வேண்டாம். கண்ணைப் பற்றிய கூற்றை ரிச்சர்ட் வைஸ்மனும் சக ஆய்வாளர்களும் 2012இல் சோதித்தார்கள். பொய் சொன்னவர்களின் கண்கள் சொல்லப்பட்ட திசையில் போகவில்லை. அந்தக் குறிப்பைக் கற்றுக்கொண்டு பார்த்தவர்களும் மற்றவர்களைவிடத் திறமையாகப் பொய்யைப் பிடிக்கவில்லை. கூச்சத்தில் மேலே பார்க்கும் ஒரு குழந்தையை ஆசிரியரே பொய்யன் என்று எண்ணிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. வகை பிரிப்பும் அப்படியே. கற்கும் பாணிக்கேற்பக் கற்பித்தால் தேர்ச்சி கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இல் உளவியலாளர்கள் வெளியிட்ட ஒரு மறுஆய்வு காட்டியது. வரைபடத்தைக் கண்ணால்தான் கற்க முடியும், செய்யுளை ஓசையோடு கற்பதே இயல்பு; எனவே முறையைப் பாடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். “நீ செவி வகை” என்று சொல்லப்பட்ட பிள்ளை, புத்தகம் தனக்கானதல்ல என்று நினைத்துவிடக் கூடாது.