முன்பின் அறியாதவருக்கு முதலுதவி: வாசகர் கேள்விகள்

கேள்வி: பனியன் நிறுவனம் ஒன்றில் முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பாளராக இருப்பதால், எனக்குப் பயிற்சியும் சான்றிதழும் அளித்திருக்கிறார்கள். பேருந்து நிலையத்தில் முன்பின் அறியாத பெண் ஒருவர் நினைவிழந்து விழுந்தால், ஆணாகிய நான் அவருடைய மார்பை அழுத்தி உயிர்காக்க முயலலாமா? ஏதேனும் விபரீதமாகிவிட்டால் வழக்கில் சிக்குவேனா?
– வாசகர், திருப்பூர்

பதில்: தயங்காமல் முயலுங்கள். தோளைத் தட்டி உரக்க அழைத்தும் அவர் அசையவில்லை, பத்து விநாடிகளுக்குள் கவனித்துப் பார்த்ததில் இயல்பான மூச்சும் இல்லை என்றால், இதயம் நின்றுவிட்டதாகவே கொள்ள வேண்டும். இடையிடையே விக்குவதுபோல் வாய் திறந்து இழுக்கும் மூச்சை உயிர்மூச்சு என்று நம்பிக் காத்திருப்பவர்கள் பலர். அது மூச்சே அன்று. அருகில் நிற்கும் ஒருவரைக் குறிப்பாகச் சுட்டி 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஆறைத் தாண்டாமல் அழுத்துங்கள். வாயோடு வாய் வைத்து ஊதத் தயக்கமாக இருந்தால் அதை விட்டுவிடலாம். அழுத்துவதை மட்டும் நிறுத்தக் கூடாது. இரண்டு நிமிடங்களில் கை சோர்ந்துவிடும் என்பதால், கூட்டத்தில் பயிற்சி பெற்ற வேறொருவர் உண்டா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் என்பதால் வரும் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கூச்சத்துக்காக நாம் செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் அவருடைய மூளைக்குப் பிராணவாயு சேராத நிமிடம். நீங்கள் கை வைக்கும் இடம் மார்பின் நடு எலும்பு. ஆடையை அகற்ற வேண்டியதும் இல்லை. "நான் முதலுதவி கற்றவன், இவருக்கு மூச்சில்லை" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, ஒரு பெண்ணை அருகில் நிற்க அழையுங்கள். கூட்டம் அதன்பின் உங்களைச் சந்தேகிப்பதைவிட உங்களுக்கு உதவவே முன்வரும் என்பது என் உறுதியான எண்ணம். அழுத்தும்போது விலா எலும்பு முறியவும் கூடும்; அதற்காகக் கையை எடுத்துவிடாதீர்கள், முறிந்த எலும்பு பிறகு கூடும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, ஒருவர் சம்மதம் தெரிவிக்க இயலாத நிலையில், அவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்யும் செயல் குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்திலும் இப்பாதுகாப்பு 92-ஆவது பிரிவாக இருந்தது. இருந்தாலும், கற்றதற்கு அப்பால் போகாதீர்கள். நினைவற்றவர் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்ற யார் வந்தாலும் தடுத்துவிடுங்கள், அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும்.

கேள்வி: சாலை விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு உடனே கிளம்பிவிடலாமா?
– வாசகி, கரூர்

பதில்: கிளம்பலாம். உதவுபவர்களைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் சட்டத்தின் வலுவைக் கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவாகவே அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. பெயரைச் சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. காயமடைந்தவர் உங்கள் உறவினராக இல்லாதபோது சேர்க்கைக் கட்டணத்தையும் உங்களிடம் கேட்கக் கூடாது. விபத்தை நேரில் பார்த்தவராக இருந்தால் மட்டும் முகவரியைக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். சாட்சி சொல்ல நீங்களாக முன்வந்தால், விசாரணையை ஒரே முறையில் முடிக்க வேண்டும் என்றும், உங்கள் இடத்துக்கு வரும் காவலர் சீருடையின்றி வர வேண்டும் என்றும் அந்நெறிகள் கூறுகின்றன.